குழாய் தனியாக வராது

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த வருஷங்களில், அவர்களுக்கு நடுவே தகவல் கொண்டுபோகும் வேலை என்னுடையது. அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. பெரியப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார்கள். வளவுக்குள் மிச்சமிருந்த ஒரே பிள்ளை நான். அதனால் தானாக வந்து விழுந்த பதவி. ஐந்தாம் வகுப்பு படிக்கிற ஒருத்திக்கு அது சின்னப் பதவியும் இல்லை.

சேரன்மகாதேவியில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து இருந்தன. சண்டைக்குப் பிறகு நடுவில் ஒரு சுவர் எழும்பியது. எழும்பியது என்று சொல்வதுகூட அதிகம்தான். இடுப்பளவுக்கு வந்ததும் நின்றுபோனது. செங்கல் போதவில்லை என்பது ஆண்கள் தரப்புச் செய்தி. இதற்கு மேல் கட்டினால் குழம்புக் கிண்ணம் கைமாற்ற முடியாது என்று அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து கொத்தனாரைப் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்த செய்தி. அவர்கள் இருவருக்கும் சண்டை கிடையாது. புருஷன்மார் சண்டையை மதித்து, வாசலில் பார்த்தால் மட்டும் பேசமாட்டார்கள். புறவாசலில் பேசுவார்கள்.

சண்டைக்குக் காரணம் என்ன என்று அம்மாவிடம் கேட்டால் "தண்ணி மோட்டாரு" என்பாள். பெரியம்மாவிடம் கேட்டால் "மோட்டாரெல்லாம் இல்லட்டி, ஒரு வார்த்தை" என்பாள். என்ன வார்த்தை என்று கேட்டால், அதைத் திரும்பச் சொன்னால் திரும்பச் சண்டை வரும், போய்ப் படி என்பாள். நான் அந்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எதுவும் சுவர் கட்டுகிற அளவுக்குக் காணாது.

பெரியப்பா பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். அப்பா தாலுகா ஆபீஸில் எழுத்தர். பேசாமல் இருந்தாலும் அவர்களுக்குள் சொல்லவேண்டியது நிறைய இருந்தது. என்னை வைத்துச் சொல்வார்கள். நான் இல்லாவிட்டால் காற்றைப் பார்த்துச் சொல்வார்கள். "வளவு விளக்க அணைக்கவேண்டியவங்க அணைச்சா கரண்டு மிஞ்சும்" என்பார் பெரியப்பா, முருங்கை மரத்தைப் பார்த்து. "படிக்கவேண்டியவங்க இன்னும் படிச்சிக்கிட்டு இருக்காங்க" என்பார் அப்பா, குழாயடியைப் பார்த்து. யார், யாரை என்பது வாக்கியத்துக்குள் எங்கேயும் இருக்காது. எனக்குப் பின்னாளில் இலக்கணப் பாடத்தில் வினையாலணையும் பெயர் என்று வந்தபோது ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அந்த வருஷம்தான் அப்பா கார் வாங்கினார். அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டர் பழைய காரைக் கொடுக்கிறார் என்று ஆபீஸில் யாரோ சொல்லி, ஒரு சனிக்கிழமை போய் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த கார். வளவுக்குள் அது நுழைந்தபோது பெரியப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டாக்டர் வச்சிருந்தது சீக்காளியாத்தான் இருக்கும்" என்று முருங்கை மரத்திடம் சொன்னார்.

அவர் வாய் பலித்தது. கொஞ்ச நாளில் வண்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. எஞ்சின் எண்ணெய் கெட்டுப்போயிருக்கிறது, உடனே மாற்றாமல் தூரம் தொலைவு போனால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று ஆபீஸில் விவரம் தெரிந்த ஒருவர் பயமுறுத்தினார். ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்குத் திங்கட்கிழமை கொண்டுவந்து விடச் சொன்னார்கள். அந்தத் திங்கட்கிழமை காலைதான் களக்காட்டில் அத்தையின் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு.

அத்தை என்றால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேரும் வந்து நின்றால்தான் அடுப்பில் பால் ஏற்றுவேன் என்று போனில் தனித்தனியாக இரண்டு வீட்டுக்கும் சொல்லியிருந்தாள். இரண்டு வீட்டிலும் தனித்தனியாகக் குத்துவிளக்கு வாங்கியாகிவிட்டது. ஒரே கடையில், ஒரே உயரத்தில், ஒரே மாதிரி. கடைக்காரருக்கு வேறு மாதிரி சரக்கு இல்லை. பெரியப்பா விளக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. நாங்கள் காரில் போவதாக ஏற்பாடு. அம்மா அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தாள். நானும் வகுப்பில் சொல்லியிருந்தேன்.

ஒர்க்‌ஷாப் கைவிரித்ததும் அப்பா போனை எடுத்தார். கார் எண்ணெயை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்று ஒரு வீடியோ அகப்பட்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் சிரித்த முகமாகக் காருக்கு அடியில் படுத்து, "இந்த போல்ட்டக் கழட்டுனீங்கன்னா பழைய எண்ணெய் தானா இறங்கிருமுங்க. ரொம்ப சிம்பிளுங்க" என்று சொல்லி, ஸ்பேனரை வைத்து லேசாக ஒரு திருப்புத் திருப்பினார். போல்ட்டு வாழைப்பழத் தோல் மாதிரி வந்துவிட்டது. அப்பா அதை மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பலகாரம் சாப்பிட்டதும் வேலை ஆரம்பித்தது. முன்சக்கரங்களைச் சாய்வாகப் போட்ட பலகைகள் மேல் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, பழைய பாயை விரித்து, அப்பா பனியனும் கைலிச் சாரமுமாக முன்பக்கமிருந்து உள்ளே நுழைந்தார். அம்மா ஒரு பழைய ஈயச் சட்டியை எண்ணெய் பிடிக்கக் கொடுத்தாள். நான் போனை வைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து, அவர் சொல்கிற இடத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன்.

போல்ட்டு வரவில்லை.

அப்பா மூச்சைப் பிடித்து இழுத்தார். காலால் பம்பரை உதைத்துக்கொண்டு இழுத்தார். கார்தான் ஆடியது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார். மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார். அம்மியின் குழவியைக் கேட்டார். அம்மா தரமாட்டேன் என்றாள். ஸ்பேனரைக் கல்லால் தட்டினார். ஸ்பேனர் வழுக்கி அவர் விரலைப் பதம் பார்த்தது. "சவம், அசையமாட்டேங்கு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. என் கையிலிருந்த போனில் கோயம்புத்தூர்க்காரர் ரொம்ப சிம்பிளுங்க என்றார். அதை அணைட்டி என்றார் அப்பா.

இந்நேரத்துக்குள் பெரியப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய்க்குக் குளிக்கப் போகிறவர். அன்றைக்குத் துண்டைத் தோளில் போட்டபடியே உட்கார்ந்துவிட்டார். கையில் பேப்பர் இருந்தது. ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

"ஏட்டி" என்று என்னைக் கூப்பிட்டார். சுவரருகே போனேன். "ஒங்கப்பன் பள்ளிக்கூடத்துல சயின்ஸ்ல எவ்ளோ மார்க்கு வாங்குனான்னு கேளு."

நான் திரும்பி வந்து காருக்கு அடியில் குனிந்து, "அப்பா, பெரியப்பா ஒங்க படிப்பப் பத்தி விசாரிக்காங்க" என்றேன்.

"அவரு சோலியப் பாத்துட்டுப் போவச் சொல்லு."

மறுபடியும் சுவருக்குப் போனேன். "ஒங்களுக்கு வேலை கெடக்கும், எங்களுக்காவ செரமப்படாண்டாம்னு அப்பா சொல்லுதாங்க."

இதில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். இருவருக்கும் நடுவில் இருந்த தூரம், ஒருவர் தும்மினால் இன்னொருவர் முகம் துடைக்கிற தூரம்தான். இவர் சொன்னது அவருக்கும் அவர் சொன்னது இவருக்கும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரைக்கும் காதில் விழாத மாதிரி இருப்பார்கள். சேர்த்த பிறகு, நான் பதமாக்கிச் சொன்னதை விட்டுவிட்டு, முதலில் காதில் விழுந்ததற்குக் கோபப்படுவார்கள். ஆக என் திருத்தங்களால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருந்தும் நான் விடாமல் திருத்தினேன். அது நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியது. பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. "திருப்புத பக்கம் தப்பு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடியிலிருந்து, "வீடியோவுல இந்தப் பக்கந்தான் திருப்புதான்" என்று பதில் வந்தது. பிறகு விதியை மீறிவிட்டது நினைவுக்கு வந்து, "னு சொல்லுட்டி" என்று சேர்த்துக்கொண்டார்.

பெரியப்பா தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சுவர் மேல் வைத்து, அதன் மூடியைத் திருகித் திறந்தும் மூடியும் எனக்குக் காட்டினார். உலகத்தில் உள்ள சகல மூடிகளும் இப்படித்தான் திறக்கும், உங்கப்பனுக்கு மட்டும் தனி உலகமா என்று கேட்டார். பாட்டிலுக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாதவங்களோட நான் பேச முடியாது என்று அப்பா சொன்னார். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று பெரியப்பா சொன்னார். நான் சுவருக்கும் காருக்கும் நடந்து நடந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.

உண்மையில் அந்த போல்ட்டின் தலை காரின் பின்பக்கத்தைப் பார்த்து இருந்தது. அப்பா முன்பக்கமிருந்து நுழைந்து, அதன் முதுகுப் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு இருந்தார். வீடியோக்காரருக்கு இடது என்பது அப்பாவுக்கு வலது. காலையிலிருந்து அவர் அந்த போல்ட்டை இறுக்கிக்கொண்டே இருந்தார். இது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பாவுக்கும் தெரியாது. அவருக்கு போல்ட்டே கண்ணில் படவில்லை. அப்பா ஒரு பக்கம் திருப்பியதால் அவர் மறுபக்கம் என்றார். அப்பா சரியான பக்கம் திருப்பியிருந்தால் அதையும் தப்பு என்றிருப்பார், அந்தக் கார் ஆயுசுக்கும் எண்ணெய் மாற்றியிருக்காது.

மத்தியானம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா வரவில்லை. பெரியம்மா அந்தப் பக்கம் கூப்பிட்டாள். பெரியப்பாவும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் இரண்டு பேரும் வாசலில் இருக்கிறோம் என்பதையும் மறந்து சுவருக்கு மேலே பேசிக்கொண்டார்கள்.

"வெளக்க ஒங்க மூட்டையோட பஸ்ஸுல போட்டுருவமாக்கா?"

"ரெண்டு வெளக்கையும் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல ஏறுனா, கண்டக்டரு என்ன கடை மாறிப் போறியளான்னு கேப்பான்."

அம்மா சிரிக்கவில்லை. தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தவள். அப்பா அதைக் கேட்டிருக்க வேண்டும். காருக்கு அடியில் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. அது என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, எஞ்சினிடம் சொன்ன மாதிரி இருந்தது.

"சரி. அவங்க சொல்லுத பக்கமே திருப்பிக் காட்டுதேன். வராதுன்னு அவங்களே கண்ணால பாக்கட்டும். நீளமா ஒரு இரும்புக் குழாய் வேணும். ஸ்பேனருல கோத்து இழுத்தாத்தான் பலம் கிடைக்கும்."

வளவிலேயே ஒரே ஒரு இரும்புக் குழாய்தான் இருந்தது. பழைய அடிபம்பிலிருந்து கழற்றியது. சுவர் கட்டியபோது அது எப்படியோ பெரியப்பா பக்கம் போய்விட்டது. இப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. நான் போய்க் கேட்டேன்.

பெரியப்பா பேப்பரை மடித்தார். துண்டை எடுத்து உதறினார். "குழாய் தனியா வராது" என்றார்.

"அப்படின்னா?"

"அப்படின்னா அப்படித்தான். போய்ச் சொல்லு."

நான் சொல்வதற்குள் அவர் குழாயைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்ட ஆரம்பித்துவிட்டார். இடுப்பளவுச் சுவர்தான் என்றாலும் பெரியப்பாவுக்குத் தொந்தி உண்டு. ஒரு காலை இந்தப் பக்கம் போட்டுவிட்டு மற்றக் காலைத் தூக்க முடியாமல் சுவர் மேல் குதிரை ஏறிய மாதிரி உட்கார்ந்திருந்தார். வளவின் வாசல் பத்து எட்டில் திறந்துதான் கிடந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியம்மா பின்னால் வந்து ஒரு தள்ளுத் தள்ளினாள். வந்து சேர்ந்தார்.

இப்போது அவர்கள் ஒரே வேலையை, ஒரு கை தூரத்தில், பேசாமல் செய்ய வேண்டியிருந்தது. அப்பா அடியில் படுத்து ஸ்பேனரை போல்ட்டில் பொருத்திப் பிடிக்கவேண்டும். அதில் கோத்த குழாயின் மறுமுனை காருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெரியப்பா அதை இழுக்கவேண்டும். இதை எப்படி ஒருங்கிணைப்பது? நான் ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர்ந்தால் வேலை நடக்காது என்பது இருவருக்கும் தெரிந்தது. அதற்கும் ஒரு வழி இருந்தது.

"கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சா நல்லாருக்கும்" என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"தூக்கியாச்சு" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

"பைய இழுக்கணும்."

"இழுக்கப்படுது."

"இன்னும் இழுக்கலாம்."

"இதுக்கு மேல இழுக்க இங்க யானை இல்ல."

அம்மாவும் பெரியம்மாவும் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று எட்டிப் பார்த்தார்கள். குழாய் லேசாக வளைந்தது. பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். காருக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

போல்ட்டு விட்டுக்கொடுத்தது. கொஞ்சமும் எச்சரிக்கை இல்லாமல் விட்டுக்கொடுத்தது. பெரியப்பா குழாயோடு பின்னால் போய், அம்மா துணி அலசி வைத்திருந்த வாளி மேல் விழுந்து, அதைக் கவிழ்த்து, சகதியில் உட்கார்ந்தார். அப்பா அந்த வேகத்தில், லூசான போல்ட்டைக் கையாலேயே திருகி முழுசாகக் கழற்றிவிட்டார். ஈயச் சட்டி அவர் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. முகத்துக்கு நேரே இல்லை. காலையிலிருந்து எஞ்சின் ஆறிக் கிடந்தது ஒன்றுதான் நல்லகாலம். வருஷக்கணக்கான கறுப்பு எண்ணெய் மொத்தமும் அவர் முகத்தில் இறங்கியது.

"ஏலே" என்று பெரியப்பா கத்தினார். "கண்ண மூடுலே. வாயத் தெறக்காதலே."

சகதியிலிருந்து அவர் எழுந்த வேகம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. சுவரைத் தாண்ட முடியாத மனிதர், அப்பாவின் இரண்டு காலையும் பிடித்து ஒரே இழுப்பில் பாயோடு வெளியே கொண்டுவந்து போட்டார். துடைக்கத் துணி தேடினார். சுவரைத் தாண்டி இரண்டு வீட்டுக்குமாகக் கட்டியிருந்த கொடியில் வெள்ளை வேட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா மறுநாள் பால்காய்ப்புக்காகக் அலசிக் கஞ்சி போட்டுக் காயப்போட்ட பெரியப்பாவின் சொந்த வேட்டி. அதை உருவி அப்பாவின் மூக்கையும் கண்ணையும் காதையும் துடைத்தார். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

அப்பா உட்கார்ந்தார். முகத்தில் கண் இரண்டு மட்டும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் இருமினார். பிறகு அந்தக் கண் இரண்டும் பெரியப்பாவைப் பார்த்தன.

"அண்ணே, எந்தப் பக்கம் திருப்பினோம்?"

பெரியப்பா வேட்டியின் ஒரு நல்ல ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "ஒன் பக்கந்தாம்லே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவள். "இல்ல பெரியப்பா, நீங்க சொன்ன பக்கந்தான். அப்பா சொன்ன பக்கம் அங்கன" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

"நீ போய் உள்ள சோப்பு எடுத்துட்டு வாட்டி" என்றார் பெரியப்பா.

ஜெயித்த ஒருவர் ஏன் தோற்றேன் என்று சொல்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. காலையிலிருந்து பாட்டில் மூடியைத் திறந்து திறந்து காட்டியதெல்லாம் எதற்கு? சோப்பை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவிடம் தனியாகவும் சொல்லிப் பார்த்தேன். அவளும் கேட்கிற நிலையில் இல்லை. அவளும் பெரியம்மாவும் புறவாசலில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அல்லது அப்படி நான் நினைத்தேன்.

மறுநாள் காலை எல்லாரும் காரில் போனோம். யாரும் யாரையும் அழைத்த மாதிரி நினைவில்லை. விடிந்து பார்த்தபோது இரண்டு குத்துவிளக்கும் துண்டில் சுற்றப்பட்டுப் பச்சைப்பிள்ளைகள் மாதிரி காரின் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பெரியப்பா அப்பாவின் வேட்டியைக் கட்டியிருந்தார். அது அவருக்குச் சுற்றுக் காணவில்லை. நடக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டார். முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் காது மடலில் இன்னும் கறுப்பு இருந்தது. நான் பின்னால் இருந்து அவர்கள் என்ன பேசப்போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்குமே.

அவர்கள் ஒன்றும் பேசவில்லை. "அங்கன மாடு நிக்குலே" என்றார் பெரியப்பா ஓரிடத்தில். "பாத்துட்டேண்ணே" என்றார் அப்பா. களக்காடு வரைக்கும் அவ்வளவுதான். எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. என் வழியாகப் பேசிக்கொண்டிருந்தபோது இதைவிட எவ்வளவோ பேசினார்கள்.

அத்தை, நல்ல நேரம் தப்பிவிடுமே என்று சொன்ன சொல்லை மீறி அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. ஒரே காரின் இரண்டு கதவையும் திறந்துகொண்டு இரண்டு அண்ணன்மாரும் இறங்குவதைப் பார்த்ததும் அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். அண்ணன்மாரைப் பார்த்தாள், ஆளுக்கொன்றாக அவர்கள் தூக்கிப் பிடித்திருந்த ஒரே மாதிரி விளக்குகளைப் பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. உள்ளே பால் நாலு பக்கமும் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. பால் வீணாகிறதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து நான் ஓடிப்போய், "அத்தை, பொங்குனா நல்லதுதான" என்று ஆறுதல் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதாள்.

அதற்குப் பிறகு என் பதவி போனது. வளவில் விளக்கை அணைக்கவேண்டும் என்றால் பெரியப்பா, "ஏலே, வெளக்க அணைலே" என்று நேராகவே கத்தினார். சுவர் அப்படியேதான் இருந்தது. அதை இடிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் அதன் மேல் உட்கார்ந்துகொள்வார்கள், பெரும்பாலும் பேசாமல்.

சில மாதங்கள் கழித்து அடுத்த எண்ணெய் மாற்று வந்தது. இந்தத் தடவை ஒர்க்‌ஷாப்பில் உடனே கொண்டுவரச் சொன்னார்கள். அப்பா, வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பலகை, பாய், ஈயச் சட்டி எல்லாம் வந்தன. அப்பா அடியில் நுழைந்து ஸ்பேனரை வைத்தார். பெயருக்கு ஒரு இழுப்பு இழுத்திருப்பார். "அண்ணே, அசையமாட்டேங்கு" என்றார். பெரியப்பா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்கெனவே சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம்வரை மல்லுக்கட்டினார்கள். திட்டிக்கொண்டார்கள். இடதா வலதா என்று மறுபடியும் ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில் போல்ட்டு வந்தது, எண்ணெய் இறங்கியது, இந்தத் தடவை சட்டியில். பிறகு போல்ட்டைத் திரும்ப மாட்டினார்கள். நான் போனில் வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர்க்காரர், கையால் முடுக்கிவிட்டு ஸ்பேனரில் லேசாக ஒரு அழுத்து அழுத்தினால் போதும், அதிகம் இறுக்கவேண்டாம், அப்புறம் கழற்றுவது சிரமம் என்று தெளிவாகச் சொன்னார். நான் அந்த இடத்தைச் சத்தம் கூட்டி இன்னொரு தடவை ஓட்டினேன்.

அப்பா காதில் அது விழாமல் இருந்திருக்க முடியாது. "அண்ணே, குழாயக் கோரு" என்றார்.

பெரியப்பா குழாயைக் கோத்தார். போன தடவையும் இப்படித்தான் குழாய் போட்டு முடுக்கினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்பா, வேண்டாம்னு சொல்லுதாங்க. இப்படி இறுக்குனா அடுத்த தடவையும் வராது. அடுத்த தடவையும் ரெண்டு பேரும் நாள் பூரா கெடந்து கஷ்டப்படணும்."

அப்பா அடியில் சிரித்த மாதிரி இருந்தது. பெரியப்பா குழாயின் நுனியில் தன் தொந்தியோடு முழு எடையையும் போட்டுச் சாய்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் முடுக்குவமாலே?"

"முடுக்குண்ணே."

இவ்வளவு பட்டும், இத்தனை படித்தும், இந்த இரண்டு பேருக்கும் ஒரு சின்ன விஷயம் மண்டையில் ஏறவில்லையே என்று நினைத்தபடி நான் போனை அணைத்து வைத்துவிட்டு விளையாடப் போனேன்.